நான் வாசித்துக் கையெழுத்திட்ட வாக்குமூலம்

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒங்களுக்குத்தான் இந்த விசயத்துல அனுபவம் இருக்கு" என்றார். அவருடைய மகனை ஏதோ சண்டையில் பொலிஸ் பிடித்திருந்தது. வயது பதினாறு. அடுத்த வாரம் சிறுவர் வழக்காக எடுக்கப்போகிறார்கள். என் ஐம்பத்திரண்டு வயதில் அனுபவம் என்று கேட்டு என்னிடம் ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை. வெட்கம் கெட்டவன், கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன். காலை எட்டு மணிக்கே போய்விடச் சொன்னேன். தாயும் தகப்பனும் சேர்ந்து போகவேண்டும், பையனுக்குப் பள்ளிக்கூடச் சீருடை வேண்டாம், காலுக்குச் சப்பாத்து வேண்டும். சிறுவர் வழக்கை ஊரைக் கூட்டி வைத்து விசாரிக்கமாட்டார்கள், உள்ளே நாலைந்து பேர்தான் இருப்பார்கள், பயப்படாதீர்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. வேலியடியில் நின்று பேசுகிற விஷயமா அது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு நேரில் இல்லாத தைரியம் எழுத்தில் உண்டு. ஆகவே இங்கே.

மூன்று வருடங்களுக்கு முன்பு நீதிமன்றத்துக்குப் போனது என் மகள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

அதற்கு முன்பு என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். பேராதனைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் நூலகத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறேன். தமிழ் வாசிப்பேன். ஆங்கிலம் வாசிப்பேன். சிங்களம் பேசினால் கண்டிச் சந்தையில் கீரை விற்கும் பெண்கள் என்னைச் சிங்களவன் என்றே நினைத்து, "மாத்தயாவுக்கு எந்த ஊர், மாத்தளையா?" என்று கேட்பார்கள். அவ்வளவு சுத்தமான பேச்சு. ஆனால் வாசிக்க வராது. நூலகத்திலுள்ள சிங்களப் புத்தகங்களை முதுகில் ஒட்டிய இலக்கத்தைப் பார்த்துத்தான் அடுக்குகிறேன். என்னைப் போன்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். பேசிப் பேசி நாக்கில் ஏறியது கண்ணில் ஏறவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை.

என் மனைவி ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தமிழ் வகுப்பு ஐந்தோடு முடிந்துவிட்டதால் மிச்சத்தைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். மளிகைச் சாமான் சுற்றிவந்த சிங்களப் பத்திரிகையை வாசித்து முடித்த பிறகுதான் குப்பையில் போடுவாள். என் விஷயம் அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. எங்கள் கல்யாணம் நிற்கும் தூண்களில் அதுவும் ஒன்று.

மகளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சிங்களம் இரண்டாம் மொழிப் பாடம். அந்தக் கொப்பியில் பெற்றோர் ஒப்பம் வைப்பது நான்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிறகு, "எழுத்து இன்னும் கொஞ்சம் அழகா வரணும்" என்பேன். எந்த மொழிக்கும் பொருந்தக்கூடிய விமர்சனம்.

சரி, வழக்கு. மகள் சனிக்கிழமைகளில் கண்டி டவுனில் கணித டியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாஸ்டர் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். வரவில்லை. அவளை நிற்கவைத்தே மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார். அவள் அழுதாள், மூக்கு வடிந்தது, கைக்குட்டை இல்லை, கையால் துடைத்தாள். பின்வரிசைப் பையன் ஒருவன் அதைப் போனில் எடுத்து, ஒரு தவில் சத்தத்தைச் சேர்த்து, வகுப்புப் பிள்ளைகளின் குழுவில் போட்டுவிட்டான். மூன்று வாரமாக அவள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது மூக்கைத் துடைத்துக் காட்டினார்கள். மூன்று தடவை அழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நாலாவது தடவை கேட்கவில்லை. அதற்குள் அந்த வகுப்பில் பிள்ளைகளின் போன்களை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு வைக்கும் சட்டம் வந்திருந்தது. வகுப்பு விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கழிப்பறைக்கு என்று எழுந்து போனவள் அவனுடைய போனை எடுத்துக்கொண்டு நேரே வாவிக்கரைக்கு நடந்தாள். வாவியைச் சுற்றி மேகம்போல வளைந்து வளைந்து போகும் அந்தச் சுவரில் சாய்ந்து, மீனுக்குப் பொரி போடுகிறவர்களின் நடுவே நின்று, போனைத் தண்ணீரில் போட்டாள்.

இவ்வளவையும் இப்போது கோர்வையாகச் சொல்கிறேன். அன்று எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. நான் கேட்கவில்லை. பொலிஸில் இருந்து அழைப்பு வந்ததும் அவளிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "எடுத்தியா, இல்லியா?" என்பதுதான்.

"எடுத்தேன்" என்றாள்.

"ஏன்" என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே வேலை செய்கிறவனுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை.

மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாறேங்க."

"நீ வந்தா அங்க அழுவ. நான் பேசிக்கிறேன்."

"நான் ஏன் அழப்போறேன்?"

"பொலிஸ்காரனுகள எப்பிடிப் பேசி வழிக்குக் கொண்டாறதுன்னு எனக்குத் தெரியும்."

அந்த வீட்டில் அன்று பொலிஸ் பதிவேட்டை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர்தான் இருந்தார். அவரை நான் வாசலோடு நிறுத்திவிட்டுப் போனேன்.

நிலையத்தில் ஒரு சார்ஜன்ட். வயதானவர், தொந்தி, மேசையில் தேநீர். மகளுக்கு என் பக்கத்தில் ஒரு கதிரை போட்டார்கள். ஒரு பெண் பொலிஸும் அருகில் நின்றார். மகளின் வாக்குமூலம் மூன்று வரியில் முடிந்தது. எடுத்தேன், வாவியில் போட்டேன், அவ்வளவுதான். பிறகு சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். எல்லாம் சிங்களத்தில்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். நான் கேட்டுச் சிரித்தேன். எனக்கா?

"வீட்டிலும் இப்படி எதையாவது எடுப்பாளா?" என்றார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரணத் தகப்பன், இல்லை சேர், என்று சொல்லியிருப்பான். நான் சாதாரணத் தகப்பன் இல்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, நாலு பேரைச் சிரிக்க வைத்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். அந்த மனிதர் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று என் மூளை சொன்னது.

"வீட்டிலா? எதை விட்டுவைக்கிறாள், சேர்? என் குடை, என் பேனை, என் சட்டைப் பையில் இருக்கும் சில்லறை, அம்மாவுடைய தோடு வளையல், எல்லாம் அவளுடையதுதான். எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பூட்டுப் போட்டிருப்பது வெளிக் கள்ளனுக்காக இல்லை. இவளை அடக்குவதற்கு எங்களால் முடியுமா? அரசாங்கத்தாலேயே முடியாது!"

சார்ஜன்ட் சிரித்தார். தொந்தி மேசை விளிம்பில் இடித்து இடித்துக் குலுங்கியது. பெண் பொலிஸும் சிரிப்பை மறைக்கக் கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சார்ஜன்ட் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். நீளமாக எழுதினார். அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

எழுதி முடித்துப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "மாத்தயா வாசித்துப் பார்த்து ஒப்பம் வையுங்கள். இல்லாவிட்டால் நானே வாசித்துக் காட்டட்டுமா?"

"தேவையில்லை" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். முதல் வரியிலிருந்து இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினேன். ஒரு பக்கத்துக்கு நியாயமாக எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் எடுத்தேன். நடுவில் ஓரிடத்தில் தலையைக்கூட ஆட்டினேன், சரியாகச் சொன்னீர்கள் என்பதுபோல. பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் ஒரு தலையாட்டு. பிறகு ஒப்பம் வைத்தேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மகளும் அதே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வாசித்தோம். அவளுக்கு விளங்கியது.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கேட்டால் பதில் வரும். ஒரு சொல், சில சமயம் அரைச் சொல். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வெட்கம் நல்லதுதான், திருந்துகிறாள் என்று மனைவியிடம் விளக்கம் வேறு கொடுத்தேன்.

வழக்குக்கு ஒரு லோயரைப் பிடித்தோம். கட்டுகஸ்தோட்டைக்காரர், முஸ்லிம், என் வயதுதான். வாக்குமூலத்தின் பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னையும் மனைவியையும் வரச் சொன்னார்.

"இது நீங்க சொன்னதா, இல்லாட்டி அவங்களா எழுதிக்கிட்டதா?" என்று கேட்டார்.

"எது?"

அவர் தாளை என் பக்கம் நீட்டினார். நான் அதை வாங்கி, எந்தப் பழக்கத்தை விட்டாலும் இந்தப் பழக்கத்தை விடமாட்டேன் என்பதுபோலக் கண்ணாடியைத் தேடினேன். மனைவி என் கையிலிருந்து தாளை எடுத்தாள். தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். "'...வீட்டிலும் என்னுடைய பணத்தையும் தாயின் நகைகளையும் எடுக்கும் பழக்கம் மகளுக்கு உண்டு. அவள் காரணமாக அலுமாரியைப் பூட்டி வைக்கிறோம். அவளைக் கட்டுப்படுத்தப் பெற்றோராகிய எங்களால் முடியவில்லை...'" நிறுத்தினாள். "என்னாங்க இது?"

"பகிடிக்குச் சொன்னது" என்றேன்.

லோயர் என்னைப் பார்த்தார். "படிச்ச மனிசன். பாக்காமயா ஒப்பம் வெச்சீங்க? போன் விசயம் பெருசா ஒண்டும் இல்ல. ஆனா தாய் தகப்பனால அடக்க ஏலாத புள்ளண்டு தகப்பனே எழுதிக் குடுத்தீக்கிறாரு. புள்ளய வீட்ல விடாம எங்கயாவது ஒரு இல்லத்துல போடுறத்துக்கு இந்த ஒரு வசனம் போதும்."

"பொலிஸே எழுதிட்டாங்கன்னு சொல்லிட்டா?"

"அந்த சார்ஜன்ட் அங்க நிப்பாரு. உங்கட ஒப்பமும் அதுல நிக்கிது." தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். "உண்மையச் சொல்லுங்க. பகிடி விட்டேன், எனக்கு வாசிக்கத் தெரியாதுண்டு சொல்லுங்க. நீதவானும் மனிசர்தானே."

எங்கள் ஊரான குண்டசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனைவி, "என்னயக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் நன்னடத்தை உத்தியோகத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறவர் அவர்தான். சிங்களப் பெண், இளவயது, தமிழும் நன்றாக விளங்கும். மகளோடு தனியாக ஒரு மணித்தியாலம் பேசினார். அலுமாரியைப் பார்த்தார். அதற்குப் பூட்டே இல்லை. கதவு சாத்துவதற்கு ஒரு கடதாசித் துண்டை மடித்துச் செருகியிருப்போம். போகும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "மகளிடம் வீட்டைப் பற்றிக் கேட்டேன். 'அப்பாதான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டாரே, மிஸ்' என்றாள். உங்கள் வாக்குமூலத்தை அப்படியே வரி வரியாகச் சொல்கிறாள். நீங்கள் ஒப்பம் வைக்கும்போது பக்கத்தில் இருந்து வாசித்தாளாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வெட்கப்படவில்லை. தகப்பன் யோசித்து, நிதானமாக, ஒவ்வொரு வரியையும் வாசித்துத் தலையாட்டி, தன்னைக் கள்ளி என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். அவள் உள் அறையில்தான் இருந்தாள். பத்து அடி தூரம். ஆனால் சொல்வதென்றால், எனக்கு வாசிக்கத் தெரியாது, இத்தனை வருடமும் நடித்தேன் என்று சொல்லவேண்டும். வழக்குக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிள்ளை என்னைக் கொடியவன் என்று நினைப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. படிப்பில்லாதவன் என்று நினைத்துவிடுவாளோ என்றுதான் பயம். இதை எழுதும்போது பேனை கூசுகிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது.

வழக்கன்று வெளியாட்களை எல்லாம் அனுப்பிவிட்டு நீதவானின் அறையிலேயே விசாரித்தார்கள். நீதவான் ஒரு பெண். சார்ஜன்ட், நன்னடத்தை உத்தியோகத்தர், லோயர், மொழிபெயர்ப்பாளர், நாங்கள் மூன்று பேர். மகள் எனக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றாள். என் தோள் அவள் தோளில் படாதபடி கவனமாக நின்றாள்.

நீதவான் அறிக்கையைப் புரட்டினார். "உங்கள் வாக்குமூலம் ஒன்று சொல்கிறது, இந்த அறிக்கை இன்னொன்று சொல்கிறது" என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். "வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்துத்தானே ஒப்பம் வைத்தீர்கள்?"

"ஆம்" என்றேன்.

அது வாயிலிருந்து தானாக வந்தது. இத்தனை வருடப் பழக்கம். லோயர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்தாள். மகள் பார்க்கவில்லை, அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

"அப்படியானால் இதில் உள்ளது உண்மை?"

சார்ஜன்ட் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றார். நான் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினேன். அன்றைக்கு முதல் தடவையாகத் தமிழில் பேசினேன்.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதுங்க. வாசிக்கிற மாதிரி நடிச்சேன். அதுல இருக்கிறதெல்லாம் நான் சார்ஜன்டைச் சிரிக்க வைக்கச் சொன்னது. என் மக வீட்டுல ஒரு சதம் எடுத்ததில்லை. அலுமாரிக்குப் பூட்டும் இல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். என் அவமானத்தை இரண்டு மொழியிலும் ஒரே தடவையில் கேட்கும் வசதி எனக்குக் கிடைத்தது. நீதவான் நம்பவில்லை என்று நினைக்கிறேன். வாக்குமூலத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "முதல் வரியை வாசியுங்கள்."

தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியைத் தேடவில்லை. மகள் இப்போது என்னைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "தெரியாதுங்க" என்றேன்.

"சிரித்தாரா?" என்று நீதவான் சார்ஜன்டிடம் கேட்டார். அவர், "மாத்தயா வேடிக்கையாகப் பேசுகிறவர்" என்று மட்டும் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் அதை நான் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டிருப்பேன்.

நீதவான் மறுபடி அறிக்கைக்குப் போனார். மகள் உத்தியோகத்தரிடம் சொன்னதில் ஒரு இடத்தை எனக்காக மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார்: "'வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அதையும் கதையாக்கி வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.'"

என் மனைவி அழவே மாட்டேன் என்று சொன்னவள். அன்று அழுதாள்.

மகளை எங்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருடம் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வை, மாதத்துக்கு ஒரு தடவை அவரைப் போய்ப் பார்க்கவேண்டும், போனுக்கு ஈடு கொடுக்கவேண்டும். "தகப்பனும் கூடப் போகவேண்டும்" என்று நீதவான் சேர்த்தார். லோயர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தப்பிச்சீங்க" என்றார். பிள்ளை தப்பித்ததைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

குண்டசாலை பஸ்ஸில் மனைவிக்கு முன்சீட் கிடைத்தது. எனக்கும் மகளுக்கும் பின்னால் இரண்டு இடம். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் மகள், "ஒங்களுக்கு உண்மையாவே தெரியாதா?" என்றாள். ஏழு வாரத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வசனம்.

"தெரியாது."

"ஒரு எழுத்துகூட?"

"ரெண்டு மூணு தெரியும். அத வெச்சு ஒரு பேருகூட எழுத முடியாது." இதுவும் பகிடிதான் என்று சொல்லி முடித்த பிறகே உணர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப என்னா எழுதியிருந்துச்சுன்னு தெரியாமத்தான் ஒப்பம் வெச்சீங்க."

"ஆமாம்மா. சத்தியமாத் தெரியாது."

எனக்குள் ஏதோ இளகியது. நீதவானே ஏற்றுக்கொண்ட சமாதானம், இவளும் ஏற்றுக்கொள்வாள். தோளில் கை போடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"ஆனா சொன்னது நீங்கதானே. எழுதுறதுக்கு முன்னாடியே நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தாளு சிரிச்சாரு. நீங்களும் சிரிச்சீங்க."

பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. அந்தப் பாதையில் எப்போதும் நெரிசல். பயத்தில் சொன்னேன் எனலாம். உனக்காகத்தான் சொன்னேன் எனலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மைகூட உண்டு.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்ததற்கான தலையாட்டு இல்லை. சொன்னதைக் குறித்துக்கொண்டதற்கானது. இறங்கும் இடம் வந்ததும் எழுந்து, என்னைத் தாண்டிப் போய், தாயின் கையிலிருந்த வழக்குத் தாள்களின் கோப்பை வாங்கிக்கொண்டு அவளோடு இறங்கினாள். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். வீடு வரும்வரை யாரையும் சிரிக்க வைக்க முயலவில்லை.